இல்லாத வீட்டுக்கு வாடகை

மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு 8,333 என்ற எண்ணை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கேட்கும்போது, வருட வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். தாண்டாவிட்டால் ரசீது போதும். 8,333ஐ 12ஆல் பெருக்கினால் 99,996. ஆகவே ஜனவரி மாதம் 'இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப்' கேட்டு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்ததும், நகரமெங்கும் 8,333 ரூபாய் வாடகைக்கு வீடுகள் முளைக்க ஆரம்பிக்கும். மாமா வீட்டு மாடி, நண்பனின் அப்பா பெயரில் ஒரு போர்ஷன், யாருமே பார்த்திராத ஒரு ஒற்றைப் படுக்கையறை வீடு. ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், இரண்டு பேனா. பன்னிரண்டு மாத ரசீதும் ஒரே மதிய இடைவேளையில் எழுதி முடிக்கப்படும். எல்லாம் ஒரே நாளில் எழுதியது போலத் தெரியக்கூடாது என்பதற்குத்தான் இரண்டாவது பேனா.

இதை யாரும் பொய் என்று சொல்லிக் கேட்டதில்லை. 'அட்ஜஸ்ட் பண்றது' என்பார்கள். கொஞ்சம் படித்த வாய் என்றால் 'டேக்ஸ் ப்ளானிங்'. கடைக்காரர் பத்து ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டால் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களும்தான் ரசீது எழுதுகிறார்கள். சட்டப்படி இது சின்ன விஷயமும் இல்லை. வருமானத்தைத் தவறாகக் காட்டினால், அதற்குரிய வரியின் 200 சதவீதம் அபராதம். ஆனால் பயத்தைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஆர்வமில்லை. நல்ல மனிதர்களுக்கு இந்தப் பொய் மட்டும் ஏன் உறுத்துவதில்லை என்பதுதான் என் கேள்வி.

*

உறுத்தாமல் இருப்பதற்குச் சில சமாதானங்கள் இருக்கின்றன. முதல் சமாதானம்: "என் காசைத்தானே நான் எடுத்துக்கிறேன்."

சம்பளக்காரருக்கு இந்த உணர்வு வருவதற்கு நியாயமான காரணம் உண்டு. வேலைக்குச் சேரும்போது சிடிசி என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டுகிறார்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு இருக்கும், பொதுவாக ஐந்து வருடம் தங்கினால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டி இருக்கும். கடைசியில் வங்கிக்கு வருவது வேறொரு எண். வியாபாரம் செய்கிறவர் பணத்தைக் கையில் பார்த்த பிறகு வரி கட்டுகிறார். நமக்குப் பணம் வருவதற்கு முன்பே பிடித்தம் நடந்துவிடுகிறது. சம்பளச் சீட்டில் ஒரு வரியாக மட்டும் நாம் சந்தித்த பணம் அது.

2019 பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் புறநானூற்றிலிருந்து பிசிராந்தையாரின் பாட்டொன்றைச் சொன்னார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம் என்று பாண்டியனுக்குச் சொன்ன அறிவுரை. அன்று அலுவலகக் கேன்டீனில் ஒருவர் சொன்னார்: "எங்க வயலுக்கு யானை வர்றதே இல்ல சார். விதை போடும்போதே எடுத்துட்டுப் போயிடுறாங்க." எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பாட்டில் வயல் குடிமக்களுடையது, யானை வெளியிலிருந்து வருவது. என் சம்பளம் விளைந்த வயல் எது? 2007இல் நான் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய ஒரு வருடக் கட்டணம், பின்னால் நான் வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. எனக்குப் பாடம் எடுத்தவர்களின் சம்பளத்தை மாநில அரசு கொடுத்தது. அந்தக் கஜானாவில் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டிய விற்பனை வரி இருந்தது, டாஸ்மாக் பணமும் இருந்தது. யானை எனக்கு முன்பே அந்த வயலை உழுதிருக்கிறது.

உழைப்பின் வருமானத்தில் வரி வாங்குவது கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று ராபர்ட் நோஸிக் 1974இல் வாதிட்டார். 2002இல் லியாம் மர்ஃபியும் தாமஸ் நேகலும் அதற்கு நேரெதிராக ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒப்பந்தம், நீதிமன்றம், பணம், சந்தை எல்லாமே அரசும் வரியும் இருப்பதால்தான் இருக்கின்றன. ஆகவே 'வரிக்கு முந்தைய என் வருமானம்' என்று தனியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு நியாயம் பேச முடியாது என்பது அவர்கள் வாதம். முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் பிரச்சினையைச் சரிசெய்தது நான்தான், அரசு இல்லை. இருந்தாலும் 'முழுதும் என்னுடையது' என்ற இடத்திலிருந்து அவர்கள் என்னை நகர்த்திவிட்டார்கள் என்பது உண்மை.

இரண்டாவது சமாதானம்: "ஊர்ல எல்லாரும் ஏமாத்துறான். நாம மட்டும்தான் மாட்டிக்கிறோம்."

இதிலும் பாதி உண்மை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. அது எத்தனை கோடியாக இருந்தாலும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் தனிநபர் வருமான வரி 22 பைசா, நிறுவனங்களின் வரி 17 பைசா. அந்த 22 பைசா முழுவதும் சம்பளக்காரர்களுடையது இல்லை என்றாலும், ஒளித்துவைக்க இடமே இல்லாத பகுதி நம்முடையதுதான்.

மீதிப் பாதி பொய். "என் வரிப் பணத்துல" என்று நாம் பேச ஆரம்பிக்கும்போது, வரி கட்டுகிறவர்கள், கட்டாதவர்கள் என்று ஊரை இரண்டு சாதியாகப் பிரித்துவிடுகிறோம். எங்கள் அலுவலக வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார். என் ரீசார்ஜுக்கும் அதே 18தான். 2025 செப்டம்பர் 22 அன்று 5 சதவீதமாகக் குறையும்வரை குளிக்கிற சோப்புக்கும் 18 கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு 80சி இல்லை, வாடகைப்படி இல்லை, அட்ஜஸ்ட் பண்ண ஒரு ரசீதும் இல்லை. நான் குறைத்துக் கட்டியதை அரசு ஒன்று கடனாக வாங்கும், இல்லையென்றால் வேறு யாரிடமாவது வாங்கும். அந்த வேறு யாரோவில் அவரும் உண்டு.

*

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வரியைக் குறைக்கத் திட்டமிடுவது வேறு, பொய் வேறு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு பார்ப்பதற்கு மெல்லியது.

1930களில் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் தோட்டக்காரருக்குக் கூலியாகக் கொடுத்து வந்த பணத்தை, பத்திரம் எழுதிக் கொடுக்கும் ஆண்டுத்தொகையாக மாற்றினார். தோட்டக்காரர் அதே தோட்டத்தில் அதே வேலையைச் செய்தார். பிரபுவுக்கு மட்டும் வரி குறைந்தது. பிரபுக்கள் சபை அதை ஏற்றுக்கொண்டது. தன் விவகாரங்களை வரி குறையும்படி அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்ற கோட்பாட்டுக்கு இன்றும் அந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் 1985இல் மெக்டவல் வழக்கில், சட்டத்துக்குள் திட்டமிடலாம், ஆனால் வேஷம் போடும் ஏற்பாடுகள் திட்டமிடலில் சேராது என்றது.

இதை வைத்துக்கொண்டு நம்மூர் உதாரணம் ஒன்று. அப்பாவுக்குச் சொந்தமான வீட்டில் மகன் குடியிருக்கிறான். மாதாமாதம் அப்பாவின் கணக்குக்கு வாடகை அனுப்புகிறான். அப்பா அதைத் தன் வருமானமாகக் காட்டுகிறார். இது செல்லும். பெற்ற அப்பாவுக்கு வாடகையா என்று ஊரில் கேட்பார்கள், சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பொய் இல்லை. பணம் நிஜமாகவே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் அப்பா கோயிலுக்குப் போகலாம், மகனைக் கேட்காமல் தங்கைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். திட்டமிடுகிறவன் தன் வாழ்க்கையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறான். ரசீது எழுதுகிறவன் காகிதத்தை மட்டும் மாற்றுகிறான். எனக்குப் புரிந்தவரை கோடு அங்கேதான் இருக்கிறது. இதுவரை எனக்கும் குழப்பமில்லை.

குழப்பம் 2019 ஜனவரியில் வந்தது.

*

என் அணியில் ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கம். வீட்டில் முதல் பட்டதாரி. அம்பத்தூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார். வாடகை கிடையாது, வாரம் ஒருமுறை காய்கறி வாங்கிப் போடுவார். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்: "அண்ணா, சித்தப்பா பேர்ல 8,333க்கு ரசீது போட்டுரட்டுமா?"

வாடகை கொடுக்கிறீங்களா என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"மாசம் 15,000 ஊருக்கு அனுப்புறேன்ணா. அப்பாவுக்குத் தறி ஓடல. தம்பி படிக்கிறான். அதைக் காட்ட இந்த ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கா? இல்லைல்ல? அப்போ இருக்குற கட்டத்துலதானே நான் எழுத முடியும்?"

'என் காசு' என்றோ 'எல்லாரும்தான் செய்கிறார்கள்' என்றோ அவர் சொல்லவில்லை. சட்டத்துக்கு என்னைப் பார்க்கத் தெரியவில்லை என்கிறார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பொறியாளன் என்ன செய்வான்? கணக்குப் போட்டேன்.

அவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 30,000, வருடம் 3,60,000. கட்டிய வாடகையிலிருந்து அதில் பத்து சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 99,996இல் 36,000 போனால் 63,996. அவர் இருந்த 20 சதவீத அடுக்கில், செஸ்ஸையும் சேர்த்து 20.8. மிச்சமாவது 13,311 ரூபாய். மாதத்துக்கு 1,100 சொச்சம். சரி, ஊருக்கு அனுப்பும் பணத்துக்கே சட்டம் விலக்கு கொடுத்திருந்தால்? வருடம் 1,80,000. அதே கணக்கில் 37,440. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்போ கவர்மென்ட்தான் எனக்கு இன்னும் 24,000 பாக்கி" என்றார்.

அந்த வருடம் அவர் ரசீது கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. 'பாக்கி' என்ற சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

*

அந்தப் படிவத்தை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். அது கிட்டத்தட்ட ஓர் ஒழுக்க நூல். 'நல்ல பிள்ளை' என்றால் யார் என்று அரசு அதில் வரைந்து வைத்திருக்கிறது. நல்ல பிள்ளை எல்.ஐ.சி. பாலிசி போட்டிருப்பார். பி.பி.எஃப்.பில் பதினைந்து வருடத்துக்குப் பணத்தைப் பூட்டிவைப்பார். வீட்டுக் கடன் வாங்கியிருப்பார். இரண்டு பிள்ளைகள்வரை பள்ளிக் கட்டணம் கட்டுவார். அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டினால் 80டி உண்டு. அப்பாவின் கையிலேயே பணத்தைக் கொடுத்தால் எதுவும் இல்லை. தம்பியைப் படிக்கவைத்தால் அவன் படிவத்தில் யாருமே இல்லை.

நல்ல பிள்ளைகளுக்குள்ளும் பேதம் உண்டு. 80சியின் ஒன்றரை லட்சத்தை முழுதாகப் பூட்டிவைப்பவர் 30 சதவீத அடுக்கில் இருந்தால் 46,800 ரூபாய் மிச்சம். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரங்களில் வருமே, அந்த எண். அதே ஒன்றரை லட்சத்தை வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர் 5 சதவீத அடுக்கில் இருந்தால் 7,800. ஒரே நற்செயலுக்கு வசதியானவருக்கு ஆறு மடங்கு பரிசு.

சட்டம் எப்போதும் இப்படிக் குடும்பத்தைப் பார்க்காமலேயே இருந்ததும் இல்லை. 1955 பட்ஜெட்டில் சி.டி. தேஷ்முக், மணமானவருக்கு 2,000 ரூபாய்வரையும் மணமாகாதவருக்கு 1,000 ரூபாய்வரையும் வரி இல்லை என்று பிரித்தார். கல்யாணம் ஆனவரை நம்பி ஆட்கள் இருப்பார்கள் என்ற எளிய புரிதல். கல்யாணம் ஆகாத மகளை நம்பி ஒரு வீடே இருக்கக்கூடும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனாலும் 'உன்னை நம்பி யார் இருக்கிறார்கள்' என்ற கேள்வி வருமான வரிக்கு அந்நியமானது அல்ல. ஒருகாலத்தில் அரைகுறையாகவாவது அதைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆக, அவருடைய குறை உண்மை. அதற்குப் பொய் ரசீது பரிகாரமா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். சட்டத்தை மீறுவது பாவம் என்பதால் சொல்லவில்லை. முதல் காரணம், அந்தப் பரிகாரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சம்பளத்தில் வாடகைப்படி இருப்பவருக்குத்தான் அந்தப் பொய் பயன்படும். அதே சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஒப்பந்தத் தொகையாகச் சம்பளம் வாங்குகிற ஒருவர், அதைவிட அதிகமாக ஊருக்கு அனுப்பினாலும் அதை எழுத அவருக்கு அந்தக் கட்டமே இல்லை. நியாயம் கிடைக்காத இடத்தில் நாம் எடுத்துக்கொள்வது, நியாயம் அதிகம் தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேருவதில்லை. பொய் சொல்ல வசதி உள்ளவரிடம் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. அந்தப் பொய் எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண் வருடத்துக்கு 1,80,000 ரூபாயைத் தன் குடும்பத்துக்கு அனுப்புகிறார். காகிதத்தில் அவர் 8,333 ரூபாய் வாடகை கொடுக்கும் ஒரு குடித்தனக்காரர். தறி ஓடாத அப்பா அந்தக் காகிதத்தில் இல்லை, படிக்கும் தம்பி இல்லை. இருப்பது இல்லாத ஒரு வீடு. பாக்கி என்று ஒன்று இருந்தால் அது கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இங்கே கணக்கை எழுதும் பேனா நம் கையில் இருந்தும், பாக்கிக்குரிய காரணத்தை நாமே அழித்துவிட்டு அதன் மேல் வாடகை என்று எழுதுகிறோம். 37,440 கேட்டு நிற்க வேண்டியவர், 13,311ஐ ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அரசுக்கு இதைவிட மலிவான தீர்வு கிடைக்காது.

"நேர்மையா எழுதத்தான் கட்டமே இல்லையே" என்பீர்கள். சரிதான். ஆனால் ஏன் இல்லை? பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு விலக்கு என்று நாளைக்கே அறிவித்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை அப்பா கணக்குக்குப் போகும் பணம் செவ்வாய்க்கிழமை திரும்பி வரும். ஒரு லட்சத்துக்கு மேல் பான் எண் என்று வரம்பு போட்டால் 99,996 என்று கூட்டிக் காட்டுகிற ஊர் இது. நம்மைப் பார்க்கிற சட்டம் வேண்டுமென்றால், பார்க்கும்போது நாம் நிஜமாக அங்கே இருக்க வேண்டும்.

*

இப்போது இந்தப் பிரச்சினையே தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 2020இல் வந்த புதிய வரிமுறை, 2023-24இலிருந்து நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே பொருந்தும் முறையாகிவிட்டது. அதில் வாடகைப்படி விலக்கு இல்லை, 80சி இல்லை. 2025-26 நிதியாண்டில் 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வருமான வரியே இல்லை. ஜனவரி மாத ரசீது எழுதும் திருவிழா அனேகமாக ஓய்ந்துவிட்டது. பழைய சம்பளத்தில் இருந்தால் சங்கரன்கோவில் பெண்ணுக்கும் இன்று ஒரு ரூபாய் வரி கிடையாது. இது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. என் வாழ்க்கையை அரசு துருவிப் பார்க்காமல் இருப்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. நல்ல பிள்ளை ஆறு மடங்கு பரிசு வாங்குகிற அநியாயமும் போய்விட்டது.

ஆனால் அந்த வரம்பைத் தாண்டி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் 15 லட்சம் வாங்கும் இரண்டு பேர். ஒருவருக்கு மயிலாப்பூரில் தாத்தா கட்டிய வீடு, ஓய்வூதியம் வாங்கும் பெற்றோர். இன்னொருவர் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊரில் ஐந்து பேரைக் காப்பாற்றுகிறார். நிலைக்கழிவு 75,000 போக இருவருக்கும் 14,25,000. இருவருக்கும் வரி செஸ்ஸோடு 97,500. ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. இதைச் சமத்துவம் என்றும் சொல்லலாம், கண்ணை மூடிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். புதிய படிவத்தில் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. உண்மையைச் சொல்லவும் இடம் இல்லை.

பிப்ரவரி முதல் தேதி நிதியமைச்சர் பேசும்போது, அலுவலகத்தில் எல்லோரும் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எவ்வளவு குறைத்தார்கள், கையில் எவ்வளவு கூடுதலாக வரும் என்பதை மட்டும்தான் கேட்போம். யாரை நம்பி எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று வரிச் சட்டம் கேட்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஒரு பட்ஜெட் நாளிலும் காதால் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்தான். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிற, வாங்கிய அன்றே பாதியை ஊருக்கு அனுப்புகிற லட்சக்கணக்கானவர்கள். பல வருடம் அந்தக் குறையை நமக்குள் வாடகை ரசீதாக மாற்றித் தீர்த்துக்கொண்டதால், அதை உரக்கச் சொல்லும் பழக்கமே நமக்கு வரவில்லை.

இப்போது ரசீது எழுதும் வேலை மிச்சம். அந்த மதிய இடைவேளையில், மாதம் எவ்வளவு அனுப்புகிறோம், யாருக்கு, எதற்கு என்று ஒரு முறையாவது உண்மையாக எழுதிப் பார்க்கலாம். அதை வாங்கிக்கொள்ள இன்று எந்த அலுவலகமும் இல்லை. ஆனால் எழுதி வைக்காத பாக்கியை யாரிடமும் போய்க் கேட்க முடியாது.